உங்களுக்குத் தெரியுமா? பெண் நடக்கும் வழியும் புவியியல்தான்

மலை, ஆறு, தலைநகரம் என்று மனப்பாடம் செய்தே புவியியலைக் கடந்து வந்தவர்கள் நாம். ‘பெண்ணியப் புவியியல்’ என்று ஒரு பாடம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு வயது நூறுக்கு மேல்.

● லண்டன் ராயல் புவியியல் கழகம் 1892-93இல் 22 பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது. உலகம் சுற்றிப் பயண நூல்கள் எழுதிய இசபெல்லா பேர்டும் அவர்களில் ஒருவர். ‘நாடாய்வுக்குப் பெண்கள் லாயக்கில்லை’ என்று எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கர்சன். ஆமாம், பின்னாளில் வங்கத்தைப் பிரித்தாரே, அவரேதான். கதவு சாத்தப்பட்டது. 1913இல் அது மறுபடி திறந்தபோது கழகத்தின் தலைவர் யார்? அதே கர்சன். இந்தத் தடவை பெண்கள் பக்கம்!

● 1982இல் ஜானிஸ் மங்க், சூசன் ஹான்சன் என்ற இரு பெண் புவியியலாளர்கள் எழுதிய கட்டுரையின் கேள்வி எளிமையானது: மானிடப் புவியியல் என்று பெயர் வைத்துக்கொண்டு மானிடரில் பாதிப் பேரை விட்டுவிடலாமா? பெண்ணியப் புவியியலுக்கென்று தனி ஆய்விதழ் வந்தது 1994இல்.

● புவியியலாளர் டோரீன் மாஸி மான்செஸ்டர் பக்கத்துப் பெண். சிறுமியாக பஸ்ஸில் போகும்போது மெர்சி ஆற்றங்கரை நெடுகக் கால்பந்து, ரக்பி மைதானங்களைப் பார்ப்பார். ஆடுவது எல்லாம் ஆண்கள். இவ்வளவு இடமும் அவர்களுக்கா என்று அன்று உறுத்தியது மனதிலேயே தங்கி, பிறகு எழுத்தில் வந்தது. புவியியலின் நோபல் என்று சொல்லப்படும் வோத்ரின் லூத் பரிசை 1998இல் பெற்றார்.

● ஆடுகளத்தில் இன்னொரு கதை. ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காவுக்கு வருவது குறைகிறது என்று வியன்னாவில் 1990களில் ஓர் ஆய்வு கண்டறிந்தது. பையன்களோடு மல்லுக்கட்டி இடம்பிடிக்கப் பிடிக்காமல் ஒதுங்கிவிடுகிறார்கள். சண்டை போடச் சொல்லிக்கொடுக்கவில்லை மாநகராட்சி. இரண்டு பூங்காக்களை 1999இல் மாற்றியமைத்தது. நடைபாதைகள் கூடின, கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் வந்தது. சிறுமிகளும் வந்தார்கள்.

● தெருவில் அந்நியனைக் கண்டு பெண்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் தாக்குபவர் பெரும்பாலும் தெரிந்தவர், இடம் பெரும்பாலும் வீடு. இந்த முரணை 1989இல் ஆராய்ந்தவர் புவியியலாளர் கில் வாலன்டைன்.

● சுவீடனின் கார்ல்ஸ்கோகா நகரில் பனி அள்ளும் வண்டிகள் முன்பெல்லாம் முதலில் கார்ச்சாலைகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. நகராட்சியில் கணக்குப் பார்த்தார்கள். காரில் போவோரில் ஆண்கள் அதிகம், நடப்போரில் பெண்கள் அதிகம். வரிசையைத் திருப்பிப் போட்டார்கள்: முதலில் நடைபாதை, பிறகுதான் கார்.