தேனீக்கு இடம் கொடுத்தா வரி குறையுமா?

உங்களுக்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் அஞ்சு ஏக்கர் நிலம் இருக்குன்னு வெச்சுக்குவோம் (கனவுதானே, காசா பணமா?). அதுல தேனீ வளர்த்தா உங்க சொத்து வரி சரசரன்னு இறங்க வாய்ப்பு இருக்கு! 5 முதல் 20 ஏக்கர் வரைக்கும் தேனீ வளர்ப்பையும் விவசாயமாவே ஏத்துக்கிற சட்டம் அங்கே 2012-லிருந்து இருக்கு. சில கண்டிஷன்கள் உண்டு. ஆனா, நிலத்தைச் சந்தை விலையில மதிப்பிடாம விவசாய மதிப்புல கணக்கு போடுறதால வரி கம்மி.

இந்த ஐடியாவை அப்படியே தூக்கிக்கிட்டு, பொன்னேரி வழியா பஸ் பிடிச்சுப் பழவேற்காடு போனா?

'மீன் பிடிக்கிற ஊர்ல தேனீக்கு என்ன வேலை?'ன்னு முதல்ல கேப்பீங்க. ஏரியோரம் நிக்கிற வெண்கண்டல் மரத்தைப் பாருங்க. அதோட குட்டிக் குட்டி மஞ்சள் பூக்களுக்கு மகரந்தம் சுமந்து வர்றது தேனீ மாதிரியான பூச்சிங்கதான். பூ காய்ச்சாத்தான் அடுத்த கன்று. அந்த வேர்களுக்கு நடுவுலதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிஞ்சு வளருது. ஆக, தேனீயும் இறால் வலையும் தூரத்துச் சொந்தம்!

மணல் பக்கம் அடப்பங்கொடி, புன்னை, பூவரசுன்னு நம்ம ஊர்ப் பூக்கள் இருந்தா பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். கடலோரம் முழுக்க வரிசை கட்டி நடுற சவுக்கு அப்படியில்லை. அதுக்கு மகரந்தம் காத்துலயே பரவிடும், தேனீக்குச் சாப்பாடு கிடையாது. சீமைக்கருவேலம் வேற கேஸ். ஊரே திட்டினாலும் தேனீக்கு அந்தப் பூ பிடிக்கும். அதை வெட்டுறவங்க பதிலுக்கு ஒரு புன்னையாவது நடணும்கிறது என் கட்சி.

சரி, வரிக்கு வருவோம். அஞ்சு ஏக்கர்னா 500 சென்ட். குப்பத்து வீடோ ரெண்டு, மூணு சென்ட்ல முடிஞ்சிடும். பல கடலோரக் குப்பங்கள்ல பட்டாவே பெரும்பாடு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி ஏற்கெனவே கிடையாது. ஏரி யாரோட சொந்த நிலமும் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் 1980-லிருந்து பறவைகள் சரணாலயமும் இருக்கு. அப்போ எந்த வரியைத்தான் குறைக்கிறது? மிச்சமிருக்கிறது ஊராட்சிக்குக் கட்டுற வீட்டு வரி. மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரம், சோலார்னு செய்யற வீடுகளுக்கு புனே மாநகராட்சி 5 முதல் 10 சதவிகிதம் சொத்து வரிச் சலுகை கொடுக்குது. நகரத்து ஃப்ளாட்டுக்கு அது நல்ல தொகை. குப்பத்து வீட்டு வரியில 10 சதவிகிதம்னா டீ செலவுக்குத்தான் ஆகும்! பெரிய தோட்டமும் ரிசார்ட்டும் வெச்சிருக்கிறவருக்குத்தான் இந்தத் திட்டத்துல லாபம்.

அதனால வரியைக் கழிக்கிறதை விட, கண்டல் நாற்று வளர்க்கவும் நட்ட கன்றை அஞ்சு வருஷம் காப்பாத்தவும் கூலி கொடுக்கிறது மேல். வேலையை எப்படிப் பங்கு போடுறது? அதுக்குப் பழவேற்காட்டுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். யார், எந்த நாள், எந்த இடத்துல வலை கட்டணும்னு முறை வெச்சுப் பிரிக்கிற 'பாடு' அங்கே தலைமுறை தலைமுறையா இருக்கு. ஆனா ஒண்ணு... பாடு உரிமை எல்லாருக்கும் கிடையாது. தண்ணியில இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் அந்தப் பட்டியல்ல இல்லை. கூலிப் பட்டியல் எழுதும்போது அவங்க பேரை முதல்ல எழுதணும்.