வாராக் கடனில் ஒரு வியாபாரம்

வராத பாக்கியைப் பேரேட்டில் தள்ளுபடி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது நம் வழக்கம். அத்தகைய பாக்கியை மலிவாகக் கொள்முதல் செய்து, கோர்ட் மூலம் லாபம் பார்க்கும் முதலீட்டு நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவின் எலியட் மேனேஜ்மெண்ட் அவற்றில் பேர்போனது.

1996-ல் பெரு நாட்டின் பழைய வங்கிக் கடனை இந்நிறுவனம் சுமார் 1 கோடியே 14 லட்சம் டாலருக்கு வாங்கியது. வழக்காடி 2000-ல் பெற்றதோ 5 கோடி டாலருக்கும் மேல். வழக்குப் போடுவதற்கென்றே கடனை வாங்குவது நியூயார்க் சட்டத்துக்கு விரோதம் என்று பெரு வாதாடியது. கீழ்க்கோர்ட் ஏற்றது, 1999-ல் மேல்கோர்ட் தள்ளிவிட்டது.

அர்ஜெண்டினா விவகாரம் இதைவிடப் பெரிது. 2001 டிசம்பரில் அந்நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. நம் பாஷையில் மஞ்சள் நோட்டீஸ். 2005, 2010 ஆகிய ஆண்டுகளில், ரூபாய்க்கு ஏறக்குறைய முப்பது பைசா என்ற கணக்கில் 93 சதவீதக் கடன் பைசலாயிற்று. எலியட்டைச் சேர்ந்த என்.எம்.எல். கேப்பிட்டல் அசையவில்லை. மலிவு விலைக்கு வாங்கிய பத்திரங்களுக்கு முழுத் தொகையும் வட்டியும் கேட்டது. 2012 அக்டோபரில் கானா நாட்டுத் துறைமுகத்தில் அர்ஜெண்டினா கடற்படையின் பயிற்சிக் கப்பலையே ஜப்தி செய்ய வைத்தது! டிசம்பரில் சர்வதேசத் தீர்ப்பாயம் அதை விடுவித்தது.

கப்பல் வெறும் மிரட்டல்தான். உண்மையான அடி நியூயார்க்கில் விழுந்தது. பத்திரத்தில் 'எல்லாக் கடனுக்கும் சம அந்தஸ்து' என்றொரு ஷரத்து இருந்தது. அதைக் காட்டி, எங்களுக்குத் தராமல் பைசல் செய்துகொண்டவர்களுக்கும் தவணை தரக்கூடாது என்று 2012-ல் உத்தரவு வாங்கினார்கள். 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அடுத்த மாதம், வங்கியில் பணம் கட்டியும் அது உரியவர்களைப் போய்ச் சேராமல், அர்ஜெண்டினா மறுபடி தவறியது. விட்டுக்கொடுத்தவன் பணம் பிணையாகிவிட்டது.

2016-ல் சமரசம். என்.எம்.எல். உள்ளிட்ட நான்கு பெரிய நிறுவனங்களுக்குக் கேட்டதில் முக்கால் பங்கு, 465 கோடி டாலர். இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. பத்திரத்தில் உள்ளதைத்தான் கேட்டார்கள். ஆனால் நொடித்த வியாபாரி விஷயத்தில் பேசி முடித்துப் பழகிய நமக்கு மனம் ஒப்பவில்லை.

முக்கால் பங்குக்காரர் சம்மதித்தால் மற்றவரையும் கட்டுப்படுத்தும் என்ற ஷரத்து 2014-க்குப் பின் பல நாடுகளின் புதிய பத்திரங்களில் சேர்ந்தது. 2020-ல் அர்ஜெண்டினா மீண்டும் கடனைத் திருத்தியமைத்தபோது இத்தகைய ஷரத்துகள் கைகொடுத்தன. அந்த முறை 99 சதவீதக் கடன் ஏற்பாட்டுக்குள் அடங்கிவிட்டது.