மொட்டை மாடி விமானமும் மாமாவின் பெயிண்ட் பட்டறையும்

மொட்டை மாடியில் வடகம் காய்வதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அங்கே ஒரு விமானம் உருவானது என்றால் நம்புவீர்களா? மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் குடும்பத்தார் வசிக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-ஆம் ஆண்டு மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு அதைப் பறக்கவிட்டுச் சோதிக்க அனுமதியும் கிடைத்தது.

இதைப் படித்ததும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. வீட்டில் கட்டிய விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி? சிதம்பரத்தில் கார், வேன்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் என் மாமாவிடம் கேட்டேன். "விமானம் எனக்குத் தெரியாதும்மா. தகரம் தெரியும், வா" என்றார். கோடை விடுமுறையில் கடலூரிலிருந்து சென்று பத்து நாட்கள் அவரிடம் கற்றேன். விமானத்துக்கு உரியவற்றைப் புத்தகங்களில் தேடினேன்.

முதல் மூன்று நாட்கள் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. பழைய தகரம் ஒன்றை வாட்டர் பேப்பரால் தேய்த்ததுதான் வேலை. விரலின் எண்ணெய் பட்டாலே அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காதாம். காற்றில் ஈரம் இருந்தாலும் கெடுதி. ஆகையால் தினமும் காலையில் கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும்.

நான்காம் நாள் ஸ்பிரே கன் என் கைக்கு வந்தது. தகரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல், கை முழுவதையும் ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். நானோ அவசரப்பட்டு ஒரே கோட்டில் மினுமினுப்பு வரவேண்டுமென்று அடித்தேன். பெயிண்ட் கண்ணீர் போல் வழிந்தது! "மெல்லிசா அடி, காய விடு, மறுபடி அடி" என்றார் மாமா.

விமானத்துக்கு இந்த மெல்லிய பூச்சு அழகுக்காக மட்டுமன்று. போயிங் 747 போன்ற பெரிய விமானத்தில் பெயிண்டின் எடை மட்டும் 200 கிலோவுக்கு மேல். சிறிய விமானத்திலோ ஒவ்வொரு கிலோவும் கணக்கு. காரில் பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்புவது போல் விமானத்தில் தாராளமாக நிரப்ப முடியாது. இறக்கையின் பின் விளிம்பிலும் வாலிலும் அசையும் பலகைகள் உள்ளன. பெயிண்டால் அவற்றின் எடைச் சமநிலை கெட்டால், வேகமாகப் பறக்கும்போது அவை படபடத்து முறிந்துபோகலாம். ஆகவே பெயிண்ட் அடித்தபின் சமநிலையை மீண்டும் சோதிப்பார்கள். கண்ணாடி இழையால் செய்த விமானங்கள் பெரும்பாலும் வெண்மையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அடர்நிறம் வெயிலை ஈர்க்கும். சூட்டில் அந்த இழையைப் பிணைக்கும் பசை வலுவிழக்கும்.

தேடியபோது இன்னொன்றும் கண்டேன். விமானத்துக்கும் காருக்கும் அடிக்கும், ஹார்ட்னர் கலந்த பாலியூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் புகை நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கும். தூசிக்கான முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்றைத் தரும் முகமூடியே தகுந்த பாதுகாப்பு.

என் மாமா மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அடிக்கிறார். இரவில் அவர் இருமுவதை அந்தப் பத்து நாட்களும் கேட்டேன். சொன்னேன், "இருபது வருஷமாப் பழகிடுச்சும்மா" என்று சிரித்தார்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் இத்தொழில் செய்வோர் இருக்கலாம். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இம்மலரின் முதல் பிரதியை நான் மாமாவுக்கே கொண்டுபோகப் போகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி