தொலைத்தொடர்புத் தொழிலும் நம் பிள்ளைகளும்



கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் தோட்டத்திலிருக்கும் தாயுடன் கைபேசியில் பேசுகிறான். அந்தக் குரல் எப்படி வந்து சேர்கிறது? கைபேசி அதை மின்காந்த அலையாக்கி அருகிலுள்ள கோபுரத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பெரும்பாலும் தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை வழியே, அது ஒளியாகப் பயணம் செய்கிறது. இவ்வழியை 1966-இல் எடுத்துக்காட்டிய சார்லஸ் காவோ 2009-இல் பௌதிக நோபல் பரிசு பெற்றார்.

மண்ணுக்கடியில் ஓடும் இழை அறுந்துவிட்டால் வழி நெடுகத் தோண்டிப் பார்க்க முடியுமா? தொழில்நுட்பர் ஒரு கருவியால் ஒளித்துடிப்பை உள்ளே செலுத்துவார். அறுந்த இடத்தில் பட்டு அது திரும்பிவரும். இழைக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது திரும்பினால், போக வர 2 கிலோமீட்டர். அறுந்த இடம் 1 கிலோமீட்டர் தொலைவில். பள்ளியில் நாங்கள் சொல்லிக் கொடுக்கும் தூரம், நேரம், வேகக் கணக்குத்தான் இது!

ஆகவே, பெற்றோர்களே, படிவம் 4-இல் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கணிதத்தையும் பௌதிகத்தையும் கண்டு பிள்ளைகள் ஒதுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. ஆங்கிலமும் தேவை, கருவிக் கையேடுகள் பெரும்பாலும் அம்மொழியில்தான் இருக்கின்றன.

எஸ்.பி.எம். முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் மின்னணுப் பொறியியல் டிப்ளோமா பயிலலாம். ஈப்போவிலுள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969-இல் தொடங்கப்பட்டது. டிப்ளோமா பெற்றவர் தொழில்நுட்பராகலாம். மேலும் படித்துப் பட்டம் பெற்றால் பொறியியலாளராகலாம். பொறியியல் பட்டத்துக்குப் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். தனியார் கல்லூரியானால், அந்தப் பாடத்திட்டம் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றதா என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். விளம்பரத்தை நம்பிச் சேமிப்பை இழக்காதீர்கள்.

இன்னொன்று: இழைகளை நிறம் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். ஆதலால் பிள்ளையின் நிறப்பார்வையை முன்கூட்டியே மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது நல்லது. கோபுரம் ஏறுவது மட்டுமே இத்தொழில் என்று எண்ணிப் பெண் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். வலையமைப்பைத் திட்டமிடுவதும் கண்காணிப்பதும் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலைகள்.

தோட்ட வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். கற்ற தொழிலோ பிள்ளை போகுமிடமெல்லாம் கூடவே போகும். படிவம் 3 படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால், இந்த வாரமே அவனுடைய, அவளுடைய ஆசிரியரைச் சென்று பாருங்கள்.