டிக்கெட் இல்லாத பயணி

மங்களூரிலிருந்து மட்காவ் வரை கடலோரமாகப் போக சாதாரண பஸ்ஸும் சில நூறு ரூபாயும் போதும். இரண்டு வயதுக் குழந்தையும் உடன் வந்தால் போடவேண்டிய கணக்கு வேறு.

கர்நாடக அரசு பஸ்ஸில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வரம்பு ஐந்து வயது. ரயிலிலும் அப்படியே. கேட்பதற்கு இனிமையான சலுகைதான். ஆனால் டிக்கெட் இல்லை என்றால் இருக்கையும் இல்லை என்றே பொருள். கண்டக்டரின் இயந்திரத்தில் பதிவாகாத இந்தப் பயணி யாரோ ஒருவர் மடியில்தான் ஊர் போய்ச் சேரவேண்டும். வெயில் அடித்தால் முதலில் வாடுவதும், தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் படுப்பதும் இந்தப் பயணிதான்.

கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது ஒரு பிரச்னையே அல்ல. மற்றவர்கள் வீட்டில் சொல்லப்படும் வாக்கியம் ஒன்றுதான்: ‘குழந்தை கொஞ்சம் வளரட்டும்.’ வளர்வதற்கு நான்கைந்து வருடங்கள் ஆகும். அதற்குள் இரண்டாவது பிறந்துவிடும். இந்தக் காத்திருப்பில் வீட்டோடு தங்கிவிடுவது பெரும்பாலும் அம்மா. பணமில்லாததால் அல்ல, துணிவில்லாததால் தள்ளிப்போகும் பயணங்கள் இவை.

தள்ளிப்போடத் தேவையில்லை என்பதற்கு மேற்குக் கடற்கரையே சாட்சி. பன்வேலையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 66, மங்களூரிலிருந்து கோவாவின் மட்காவ் வரை ஏறக்குறைய 350 கிலோமீட்டர் கடலை ஒட்டியே ஓடுகிறது. ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. நடுவில் இருபது, முப்பது கிலோமீட்டருக்கு ஒரு ஊர். ஒவ்வொரு ஊரிலும் பஸ் நிலையம், இட்லி, மருந்துக் கடை. குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்த நெருக்கம்தான் பெரிய வசதி.

இரண்டு மணி நேர விதி

1998 ஜனவரியில் கொங்கண் ரயில் முழுமையாக ஓடத் தொடங்கியபின் இந்தத் தூரத்தை ஐந்தாறு மணி நேரத்தில் கடந்துவிடலாம். ரயிலில் கழிப்பறை உண்டு, நடக்க இடம் உண்டு. மட்காவ் போய்ச் சேருவது மட்டுமே நோக்கமென்றால் ரயிலே மேல்.

ஆனால் வழியில் உள்ள ஊர்களைப் பார்க்க வேண்டுமானால் பஸ்ஸை விட்டால் கதியில்லை. கோகர்ணம் ரோடு ரயில் நிலையம் ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. உடுப்பி நிலையமும் ஊருக்கு வெளியேதான். பஸ்ஸோ ஊரின் நடுவில் கொண்டுபோய் இறக்குகிறது. தவறவிட்டாலும் அடுத்தது வரும். குழந்தை அடம்பிடித்தால் அடுத்த ஊரிலேயே இறங்கிக்கொள்ளலாம். முன்பதிவு செய்த பணம் போய்விட்டதே என்ற கவலையும் இல்லை.

இரண்டு வயதுக் குழந்தை பஸ்ஸில் ஒரு தூக்கம் தூங்கும். விழித்தபின் சற்று நேரம் வேடிக்கை பார்க்கும். அதற்குமேல் தாங்காது. ஆகவே ஒருநாளில் உட்காரும் நேரம் மொத்தம் இரண்டு மணி, மிஞ்சினால் மூன்று மணி. இந்த விதியை வைத்துக்கொண்டால் பாதை தானாகவே துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. மங்களூர் - உடுப்பி சுமார் 60 கி.மீ. உடுப்பி - முருதேஸ்வர் நூறு கி.மீ. இருக்கும்; நடுவில் குந்தாபுராவில் இறங்கி இளைப்பாறலாம். முருதேஸ்வரிலிருந்து கும்டாவில் பஸ் மாறி கோகர்ணம். அங்கிருந்து அங்கோலா வழியாக கார்வார். கடைசியாக காளி ஆற்றைக் கடந்து, காணகோணா வழியாக மட்காவ். ஊருக்கு ஒரு இரவோ இரண்டு இரவோ தங்கினால் பத்து நாள் பயணம்.

கடல் பக்கம், நிழல் பக்கம்

உடுப்பி, தட்சிண கன்னட மாவட்டங்களில் சாலையை ஆள்பவை தனியார் பஸ்கள். மங்களூரில் ‘ஸ்டேட் பேங்க்’ என்று அழைக்கப்படும் நிலையத்திலிருந்து அவை அடுத்தடுத்துப் புறப்படும். வேகமும் அதிகம், அவசரமும் அதிகம். அரசு பஸ் நிலையம் இருப்பது பிஜை பகுதியில். பட்கலுக்கு வடக்கே உத்தர கன்னட மாவட்டத்தில் வடமேற்கு கர்நாடகப் போக்குவரத்துக் கழகத்தின் ராஜ்யம். கோவாவுக்குள் 1980இல் தொடங்கப்பட்ட கதம்பா கழக பஸ்களும் தனியார் மினி பஸ்களும்.

2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் ‘சக்தி’ திட்டத்தின்கீழ் பெண்கள் சாதாரண அரசு பஸ்களில் இலவசமாகப் பயணம் செய்கிறார்கள். இது அந்த மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும்தான். சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ போகும் தாய் டிக்கெட் எடுக்கவேண்டும். கூட்டத்தில் மட்டும் அவருக்கும் பங்கு உண்டு. காலை எட்டிலிருந்து பத்து வரையும், மாலை நான்கிலிருந்து ஆறு வரையும் பள்ளி, அலுவலகக் கூட்டம். காலை பத்து மணிக்குமேல் ஏறி மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

எங்கே உட்காருவது? மங்களூரிலிருந்து வடக்கே போகும்போது கடல் இடது பக்கம். முற்பகல் வெயில் வலது பக்கத்திலிருந்து வருகிறது. அதாவது மதியம் வரை கடல் பக்கமே நிழல் பக்கம். திரும்பி வரும்போதும் இதே கதை: கடல் வலது, வெயில் இடது. மதியத்துக்குமேல் நிலைமை தலைகீழ். கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் குழந்தை வெந்துவிடும். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதற்கு நேர்மாறு என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள வரிசைகளில் குலுக்கல் குறைவு. இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அரிது, அதற்குப்பின் வரலாம். பின் வரிசை அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல. டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள இடம் வேடிக்கை பார்க்க நல்லது. திடீரென்று பிரேக் போட்டால் நல்லதல்ல. ஏறும்போது ஒருவர் முதலில் ஏறி நின்று குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். தள்ளுவண்டிக்கு இந்தப் படிகளில் வேலையே இல்லை. தோளில் குழந்தையைக் கட்டிக்கொள்ள ஒரு பழைய பருத்திச் சேலை, முதுகில் ஒரே ஒரு பை, இரண்டு கைகளும் காலி. இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

கூட்டம் நிறைந்த பஸ்ஸில் நிற்க நேர்ந்தாலும் குழந்தை நிற்க நேராது. உட்கார்ந்திருப்பவர் யாராவது கையை நீட்டிவிடுவார். மொழி இதற்குத் தடையல்ல. துளுவில் ‘பாலெ’, கன்னடத்தில் ‘மகு’, கோவாக் கொங்கணியில் ‘புர்கெ’. கடலோரத்தில் பெயர் மாறிக்கொண்டே போனாலும் மடி மாறுவதில்லை. போக்குவரத்துக் கழகம் தராத இருக்கையைப் பயணிகளே தருகிறார்கள்.

சோறு, சத்திரம், சமுத்திரம்

இந்தப் பாதையில் சாப்பாடு கவலையில்லை. இட்லியை நாடெங்கும் கொண்டுசேர்த்த ஓட்டல்காரர்களின் சொந்த ஊர் உடுப்பி. கரையோர மக்கள் அன்றாடம் உண்ணும் சிவப்புப் புழுங்கலரிசிக் கஞ்சி, குழந்தைக்கென்றே சமைத்ததுபோல இருக்கும். உடுப்பி கிருஷ்ணர் கோயிலில் பக்தர்களுக்கு இலவசச் சாப்பாடு உண்டு. உடுப்பி, முருதேஸ்வர், கோகர்ணம் மூன்றுமே கோயில் ஊர்கள் என்பதால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சிக்கன விடுதிகள் கிடைக்கும். அறை பார்க்கும்போது கட்டிலைவிட முக்கியம் மின்விசிறி, வெந்நீர், கொசு நுழையாத ஜன்னல்.

குழந்தைக்குக் கோபுரமும் ஒன்றுதான், குரங்கும் ஒன்றுதான். முருதேஸ்வரில் 123 அடி சிவன் சிலையைவிடச் சிலையடியில் உள்ள புறா அதிக நேரம் பிடிக்கலாம். மரவந்தேயில் ஒருபக்கம் கடலும் மறுபக்கம் சௌபர்ணிகா ஆறும் நெடுஞ்சாலையை நெருக்கும் காட்சிக்காகப் பெரியவர்கள் ஜன்னலை எட்டிப் பார்க்கையில் அது தூங்கிக்கொண்டிருக்கலாம். கார்வாரில் சாலைக்கும் கடலுக்கும் நடுவே போர்க்கப்பலான ‘சபல்’ அருங்காட்சியகமாக நிற்கிறது. 1883இல் இளைஞர் தாகூர் தங்கி எழுதிய ஊர் என்பதெல்லாம் பெற்றோருக்கு. கப்பல் குழந்தைக்கு.

கடலில் மட்டும் விளையாட்டு கூடாது. 2024 டிசம்பரில் முருதேஸ்வரில், கோலார் மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்த பள்ளி மாணவிகள் 4 பேர் அலையில் மூழ்கி இறந்தார்கள். ஓடியாடும் வயதில் இருந்தவர்கள் நிலையே அது. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கணுக்கால் அளவு தண்ணீரே ஆழம். பிடித்த கையை விடக்கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே ஷிரூரில் மலை சரிந்து, நெடுஞ்சாலையோர டீக்கடையையும் வாகனங்களையும் அடித்துச் சென்றது, பலர் மாண்டார்கள். மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 7 அதிகாலை, கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் இடிந்தது. லாரியோடு ஆற்றில் விழுந்த தமிழ்நாட்டு டிரைவரை மீனவர்களும் போலீசாரும் காப்பாற்றினார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானமும் சாலையும் நம்பத் தகுந்தவை.

மருந்துப் பையில் என்ன?

பயணத்தைப் பாதியில் முறிப்பது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு. கொதித்து ஆறிய நீர் அல்லது மூடி உடைக்காத பாட்டில் நீர், சூடாகச் சமைத்த உணவு, தோல் உரிக்கும் பழம் என்று இருந்தால் பாதிக் கவலை போய்விடும். மீதிக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அதில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்கவேண்டும். 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போனபின்பும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி, சிறிது சிறிதாக. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

கடையில் கேட்டதும் கொடுக்கும் வண்ணப் பெட்டிப் பானம் ஓ.ஆர்.எஸ். அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத சர்க்கரைப் பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்தகத்தில் பொட்டலமாகக் கேட்டு வாங்குவதே சரி.

குழந்தை சிறுநீர் கழிக்கவில்லை, கண் உள்வாங்குகிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்கக்கூடாது. வழியிலுள்ள தாலுகா ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உண்டு. ஆனால் உயர் சிகிச்சை என்றால் தெற்கே மணிப்பால், மங்களூர்; வடக்கே கோவா. நவீன மருத்துவமனை வேண்டுமென்பது உத்தர கன்னட மக்களின் நெடுநாள் கோரிக்கை. பயணிக்கு ஒருநாள் பயமாக இருப்பது உள்ளூர்த் தாய்க்கு வருடமெல்லாம் இருக்கிறது.

ஒரு அறை, ஒரு தாழ்ப்பாள்

இவ்வளவு முன்யோசனைக்குப் பின்னும் குடும்பத்தின் கையில் இல்லாத ஒன்று இருக்கிறது. குழந்தைக்குப் பாலூட்ட, ஈரத்துணி மாற்ற, பத்து நிமிடம் கீழே படுக்கவைக்க ஓர் இடம். தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பஸ் நிலையங்களில் தாய்மார்களுக்கென்று பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொது இடங்களில் இத்தகைய அறைகளை அமைக்கும்படி மத்திய அரசு 2024 பிப்ரவரியில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்த வலியுறுத்தியது. பாலூட்டுவது தாயின் உரிமை, குழந்தையின் வாழும் உரிமையோடு பிணைந்தது என்றது.

தீர்ப்பு டில்லியில் இருக்கிறது, தாய் பஸ் நிலையத்தில் இருக்கிறாள். அறை கட்டுவதோடு வேலை முடிவதில்லை. சாவி யாரிடம், குழாயில் தண்ணீர் வருகிறதா, மின்விசிறி சுற்றுகிறதா, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட முடிகிறதா என்பதெல்லாம் தினமும் கேட்கவேண்டிய கேள்விகள்.

மங்களூரை விட்டால் மட்காவ் வரை முக்கியமான பஸ் நிலையங்கள் உடுப்பி, குந்தாபுரா, பட்கல், ஹொன்னாவர், கும்டா, அங்கோலா, கார்வார். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் காலையிலிருந்து இரவு வரை பூட்டாத ஓர் அறை இருந்தால், இந்தக் கடலோரம் கார் இல்லாதவர்களுக்கும் குழந்தையோடு போகத்தக்க இடமாகிவிடும். பஸ் கட்டணத்தைக் கர்நாடகம் 2025 ஜனவரியில் 15 சதவீதம் உயர்த்தியது. அதைச் செலுத்துகிறவர்களின் மடியில்தான் டிக்கெட் இல்லாத அந்தப் பயணியும் உட்கார்ந்திருக்கிறது.