உஷார்! .22 என்றாலே எல்லாம் ஒரே தோட்டா அல்ல

சிலிண்டருக்குள் நுழைந்துவிட்டதா, அப்படியானால் சுடலாம் என்று முடிவு கட்டாதீர்கள்! அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் .22 ரிம்ஃபயர் ரிவால்வர்களில் ஆபத்து இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

.22 என்ற பெயரில் தோட்டாக்கள் பல. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ரிவால்வருக்காகக் கொண்டுவந்தது ‘ஷார்ட்’. 1871-இல் ‘லாங்’, 1887-இல் ‘லாங் ரைஃபிள்’, 1959-இல் ‘மேக்னம்’ வந்தன. ஷார்ட்டின் பித்தளை உறை 10.7 மில்லிமீட்டர் நீளம். லாங், லாங் ரைஃபிள் இரண்டுக்கும் 15.6. உறையின் விட்டம் மூன்றுக்கும் ஒன்றே. எனவே லாங் ரைஃபிளுக்கான ரிவால்வரில் ஷார்ட்டும் வெடிக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான்!

ஷார்ட்டின் உறை, சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையின் முழு நீளத்துக்கும் எட்டுவதில்லை. சுடச் சுட, உறையின் வாய்க்கு முன்னால் கரியும் ஈயமும் மெழுகும் வளையமாகப் படிகின்றன. அடுத்து லாங் ரைஃபிளைப் போட்டால் அது அந்த வளையத்தில் முட்டி நிற்கும். உறையின் அடி விளிம்பு பின்னால் துருத்திக்கொண்டிருக்கும். ரிம்ஃபயரில் தீமூட்டும் மருந்து இருப்பதே அந்த விளிம்புக்குள்தான். அங்கே எந்தப் பக்கம் நசுங்கினாலும் வெடிக்கலாம். தட்டி உள்ளே தள்ளுவதும், இறுகிய சிலிண்டரை முரட்டுத்தனமாகச் சுழற்றுவதும் இதனால்தான் விபரீதம். அறைக்குள் முழுதாக அடங்காத தோட்டா வெடித்தால் உறை கிழியலாம். பித்தளைச் சில்லும் சூடான வாயுவும் கையிலும் கண்ணிலும் பாயலாம்.

மேக்னம் இன்னொரு பொறி. அதன் உறையின் விட்டம் லாங் ரைஃபிளைவிட ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் அதிகம். மேக்னம் சிலிண்டரில் லாங் ரைஃபிள் லொடலொடவென்று உட்காரும். சுட்டால் உறை வீங்கிப் பிளந்து, வாயு பின்பக்கம் பீறிடலாம். ரூகர் சிங்கிள்-சிக்ஸ் கன்வெர்ட்டிபிள் போல லாங் ரைஃபிளுக்கும் மேக்னத்துக்கும் தனித்தனியாக இரண்டு சிலிண்டர்களுடன் வரும் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இரட்டிப்பு உஷாராக இருங்கள்!

இவற்றைத் தவறாமல் செய்யுங்கள்:

• குழலிலும் சிலிண்டரிலும் பொறித்திருக்கும் பெயரையும், தோட்டாப் பெட்டியில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்காததைப் போடாதீர்கள்.

• ஷார்ட் சுட்ட பிறகு, ரிவால்வர் காலி என்று உறுதிசெய்து, ஒவ்வோர் அறையையும் கரைப்பானும் வெண்கலத் தூரிகையும் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதுவரை லாங் ரைஃபிள் வேண்டாம்.

• தோட்டா தானாக முழுதும் இறங்காவிட்டால் எடுத்துவிடுங்கள். ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

• வெடிச்சத்தம் வழக்கத்தைவிட அமுங்கிக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்த குண்டு குழலையே பிளக்கலாம்.

• ஷார்ட்டுக்கென்றே செய்த 19-ஆம் நூற்றாண்டு ரிவால்வர்கள் கரும்பொடி வெடிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாக்களை அவற்றில் சுடவே வேண்டாம்.

• பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடாதீர்கள்.

ஒரு துப்பாக்கிக்கு ஒரே வகைத் தோட்டா என்று வைத்துக்கொள்வதே உத்தமம். சந்தேகம் வந்தால் சுடாதீர்கள். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். போன கண் திரும்பி வராது!