திருடலாம்; காட்டிக் கொடுக்கலாகாது!

பாரிஸ் நகரம். நள்ளிரவு தாண்டிவிட்டது. பெரிய நகைக்கடை ஒன்றின் மேல்மாடி வீட்டில் நான்கு பேர் தரையைப் பெயர்த்துக் கொண்டிருக்கிறார்கள். சிறு துவாரம் விழுந்ததும், மடக்கிய குடை ஒன்றை அதன் வழியே நுழைத்து, மறுபக்கம் போனதும் விரித்துத் தொங்க விடுகிறார்கள். குடை எதற்கு? பெயரும் காரையும் கல்லும் கடைக்குள் விழுந்து சத்தம் எழுப்பக் கூடாதல்லவா? அத்தனையும் குடைக்குள் விழுகிறது! கடையில் இருக்கும் அபாய மணியின் வாயைத் தீயணைக்கும் கருவியின் நுரையைப் பீய்ச்சி அடைத்துவிடுகிறார்கள்.

இத்தனையும் நடந்து முடியச் சுமார் அரை மணி நேரம். அந்த அரை மணியில் ஒரு வார்த்தை பேச்சில்லை. பின்னணி இசையும் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருமக்கூடப் பயப்படுவார்கள்!

இதுதான் 1955-ல் வெளிவந்த 'ரிஃபிஃபி'. டைரக்டர் ஜூல்ஸ் டஸ்ஸின். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் இந்தக் கட்டத்துக்கு இசை எழுதித்தான் கொடுத்தார். டஸ்ஸின் அதை இசையோடு ஒரு தடவையும், இசை இல்லாமல் ஒரு தடவையும் போட்டுக் காட்டினார். "இசை வேண்டாம்" என்று ஓரிக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிரெஞ்சு நாட்டுக் கொள்ளைக்காரப் படங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் குடையோடும் நுரையோடும் நின்றுவிடக் கூடாது. துப்பறியும் கதை படிப்பவர்கள், "கொலை செய்தது யார்?" என்று கேட்பார்கள். இந்தப் படங்கள் கேட்கும் கேள்வி வேறு: "காட்டிக் கொடுக்கப் போவது யார்?"

சொந்த அனுபவம்

'ரிஃபிஃபி'யின் நால்வரில் பூட்டுத் திறப்பதில் பலே கைகாரன் ஸேஸர். திருடிய நகைகளில் ஒரே ஒரு மோதிரத்தை மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒளித்து, தான் ஆசைப்பட்ட பாடகிக்குக் கொடுத்துவிடுகிறான். அந்த மோதிரமே துப்பாகிறது. எதிர்க் கும்பல் அவனைப் பிடித்து மிரட்டுகிறது. அவன் கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிடுகிறான். தலைவன் டோனிக்கு ஸேஸரைப் பிடிக்கும். ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! பிடித்தவனையே சுடவேண்டிய நிலை.

ஸேஸராக நடித்தவர் வேறு யாருமல்ல, டைரக்டர் டஸ்ஸினேதான். அவர் அமெரிக்கர், ஹாலிவுட்டில் பெயர் பெற்றவர். 1951-ல் அமெரிக்கப் பார்லிமெண்டுக் குழுவின் முன், "இவர் கம்யூனிஸ்ட்" என்று சக டைரக்டர்களே அவர் பெயரைச் சொன்னார்கள். வேலை போயிற்று. பிழைப்புத் தேடிப் பிரான்ஸுக்கு வந்தார். 1950-க்குப் பிறகு ஐந்து வருஷம் அவர் படம் ஒன்றும் வெளிவரவில்லை. ஸேஸரின் முடிவைப் படமாக்கியபோது, அமெரிக்காவில் நண்பர்களைக் காட்டிக் கொடுத்தவர்களை நினைத்துக் கொண்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த டைரக்டர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

தன் வாயால் கெட்ட தவளை

அடுத்துப் பார்க்க வேண்டியது ஜாக் பெக்கரின் 'துஷே பா ஓ கிரிஸ்பி' (1954). 'கொள்ளைப் பணத்தைத் தொடாதே' என்று பொருள். கதாநாயகன் மாக்ஸாக வருபவர் ஜான் காபின். தங்கக் கட்டிகளைக் கொள்ளையடித்தாகிவிட்டது. அந்தக் கொள்ளையைப் படத்தில் காட்டுவதே இல்லை! மாக்ஸ் வயதானவன், இத்தோடு தொழிலுக்கு முழுக்குப் போட நினைக்கிறான். அவன் சிநேகிதன் ரிட்டான், தான் காதலிக்கும் நடனக்காரியிடம் பெருமைக்கு வாய்விட்டு விடுகிறான். தவளை தன் வாயால் கெட்டது! எதிரி ரிட்டானைத் தூக்கிக்கொண்டு போய், தங்கத்தைக் கேட்கிறான். தங்கமா, சிநேகிதனா?

இந்தப் படத்தில் மறக்க முடியாத கட்டம் துப்பாக்கிச் சண்டை அல்ல. இரண்டு கிழட்டுத் திருடர்களும் இரவில் உட்கார்ந்து ரொட்டி தின்று, பைஜாமா மாற்றி, பல் துலக்கிப் படுக்கப் போகிறார்களே, அதுதான்! இருபது வருஷ நட்பை வசனமில்லாமல் சொல்லிவிடுகிறார் பெக்கர். மல்யுத்தக்காரராக இருந்த லீனோ வெந்துரா முதன்முதலில் நடித்ததும் இதில்தான்.

ஐந்து பேர், ஒரு துவாரம்

பெக்கரின் கடைசிப் படம் 'ல த்ரூ' (1960); பொருள், 'துவாரம்'. 1947-ல் பாரிஸின் சாந்தே சிறையிலிருந்து சில கைதிகள் தப்ப முயன்ற உண்மைச் சம்பவமே கதை. ஓர் அறையில் நால்வர் தரையைத் துளைக்கத் திட்டமிட்டிருக்கும் சமயத்தில் ஐந்தாவதாக ஓர் இளைஞன் வந்து சேருகிறான். அவனை நம்புவதா, வேண்டாமா? நம்பாவிட்டால் வேலை ஆரம்பிக்க முடியாது. நம்பினால் உயிர் அவன் கையில்! சிமெண்டுத் தரையை இரும்புக் கம்பியால் இடிக்கும் காட்சி, வெட்டு இல்லாமல் பல நிமிஷங்கள் நீள்கிறது. கை வலிப்பது பார்ப்பவர்களுக்குத்தான்!

அந்த முயற்சியில் நிஜமாகவே பங்கு கொண்ட ஜான் கெரோடி, இதில் நடிக்கவும் செய்திருக்கிறார். படம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1960 பிப்ரவரியில், பெக்கர் காலமானார்.

மூலக் கதையை எழுதிய ஜோஸே ஜொவானியும் அதே சிறையில் கைதியாக இருந்தவர். 1948-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு தண்டனை குறைக்கப்பட்டு, 1956-ல் விடுதலையானவர். நட்பையும் நம்பிக்கையையும் கதை கதையாக எழுதியவர் அவர். ஆனால், ஜெர்மானியர் பிரான்ஸை ஆண்ட காலத்தில் அவர்களுக்கு ஒத்துழைத்தவர்களின் பக்கம் அவர் இருந்தார் என்பது 1993-ல் வெளியாயிற்று. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, துரோகம் பற்றிய அந்தக் கதையே வேறு நிறம் கொள்கிறது.

தொப்பிக்கு இரண்டு பொருள்

1940 முதல் 1944 வரை ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த நாலு வருஷத்தில், பக்கத்து வீட்டுக்காரன் சொல்லும் ஒரு வார்த்தை ஓர் உயிரைக் குடிக்கும். அப்போது இரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, 'மெல்வில்' என்று பெயர் மாற்றிக்கொண்ட இளைஞரே பின்னாளில் புகழ்பெற்ற டைரக்டர் ஜான்-பியர் மெல்வில்.

அவருடைய 'ல தூலோஸ்' (1962) படத்தின் பெயருக்குக் கள்ளர் பாஷையில் தொப்பி என்று பொருள். போலீஸின் ஆள்காட்டி என்றும் பொருள். ஜான்-பால் பெல்மாண்டோ தொப்பி மட்டும்தானா, ஆள்காட்டியும்தானா? கடைசி வரை மெல்வில் நம்மை அலைக்கழிக்கிறார்.

'ல செர்க்கிள் ரூஜ்' (1970) படத்திலும் ஒரு நகைக்கடைக் கொள்ளை உண்டு. அதிலும் இருபது நிமிஷத்துக்கு மேல் பேச்சே கிடையாது. அலன் டெலான், ஈவ் மோன்டாண்ட் நடிப்பு அற்புதம். போலீஸ் அதிகாரியாக வருபவர் பிரான்ஸின் புகழ்பெற்ற ஹாஸ்ய நடிகர் பூர்வில். கேளிக்கை விடுதிக்காரன் ஒருவனைத் துப்புச் சொல்ல வைக்க வேண்டும், அவனோ மறுக்கிறான். அதிகாரி அடிக்கவில்லை, உதைக்கவில்லை. அவன் மகன் மேல் கைவைக்கிறார். ஆள்காட்டிகள் பிறப்பதில்லை, உண்டாக்கப்படுகிறார்கள் என்பதை இதைவிடக் கசப்பாகச் சொல்ல முடியாது.

கடைசியில் பார்க்க வேண்டியது

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு மெல்விலின் 'லார்மே தேஸோம்ப்ர்' (1969) படத்தைப் பார்க்க வேண்டும். 'நிழல்களின் சேனை' என்று பொருள். அதே நீண்ட கோட்டு, அதே தொப்பி, அதே மௌனம். ஆனால் இவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல. தேசத்துக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலையும் இயக்கத்தினர். காட்டிக் கொடுத்த ஓர் இளைஞனைக் கொல்ல ஒரு வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டில் புதிதாக ஆட்கள் குடியேறிவிட்டார்கள். துப்பாக்கி வெடித்தால் கேட்கும். கொல்பவர்களுக்கும் அதுதான் முதல் தடவை. பிறகு நடப்பதைப் பார்க்க நெஞ்சுரம் வேண்டும். படத்தின் முடிவு அதைவிடக் கொடிது. அதை வெள்ளித்திரையில் காண்க! இந்தப் படம் அமெரிக்கக் கொட்டகைகளுக்குப் போய்ச் சேர 37 வருஷம் ஆயிற்று, 2006-ல்தான் திரையிட்டார்கள்.

குழந்தைகளை உட்கார வைத்துப் பார்க்கும் படங்கள் அல்ல இவை. பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. அடியில் எழுத்து ஓடும் பிரதிகள் இருக்கின்றன, முக்கியமான கட்டங்களில் பேச்சும் இல்லை. திருட்டை இவை உயர்த்திப் பேசுவதுமில்லை; திருடிய பொருளை வைத்துச் சுகப்பட்டவன் இவற்றில் ஒருவன்கூட இல்லை. ஒரு மனிதனை எதைக் கொண்டு வளைக்கலாம், எது வரை அவன் வளையமாட்டான் என்பதுதான் இவற்றில் விசாரணை. மோதிரத்துக்கு வளைந்தான் ஸேஸர். பெருமைக்கு வளைந்தான் ரிட்டான். பெற்ற பாசம் ஒருவனை வளைத்தது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு, அந்தக் கேள்வி நம் பக்கம் திரும்புகிறது.